சுடுதண்ணித் தொட்டியடியில் வந்த அழைப்பு

எங்கட சனத்திட்ட ஒரு பழக்கம் இருக்கு. பயணத்தில நிக்கிற ஆளுக்குக் கெட்ட சேதி சொல்லப்படாது. வீடு வந்து, சாப்பிட்டு, ஆறுதலா இருந்தாப்பிறகுதான் வாயைத் திறப்பம். நானும் அதைப் பெரிய கெட்டித்தனமெண்டு நினைச்சுத் திரிஞ்ச ஆள்தான்.

ஜெர்மனியில ஹம் பட்டினத்தில முப்பது வருசம் ஷிஃப்ட் வேலை செய்து நான் பென்சனுக்கு வந்த கையோட, பிள்ளையள் எங்கள் ரெண்டுபேரையும் ஜப்பான் பக்கம் உல்லாசக் கப்பலில சுத்திப்பாக்க அனுப்பிவைச்சினம். என்ர மனுசிக்குப் போக மனமில்லை. அவவின்ர தங்கச்சி நெஞ்சு வருத்தத்தோட ஹம் ஆஸ்பத்திரியில கிடந்தா. "போட்டு வாங்கோ அக்கா, நான் எங்க ஓடப்போறன்" எண்டு தங்கச்சிதான் எங்களைக் கலைச்சுவிட்டவ.

கப்பலில எங்களுக்கு இன்டர்நெட் இல்லை. கரையில இறங்கினாத்தான் ஃபோன் வேலை செய்யும். அண்டைக்கு இறங்கினது வெந்நீர் ஊற்றுள்ள ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். போறவாற ஆக்கள் காலை வைச்சு இருக்கிறதுக்கு, கரையடியிலயே சுடுதண்ணித் தொட்டி கட்டியிருந்தாங்கள். மனுசி சப்பாத்தைக் கழட்டி, காற்சட்டையை முழங்கால்வரை மடிச்சுக்கொண்டு இருந்தா. "தங்கச்சியின்ர வீங்கின காலுக்கு இது நல்லாயிருக்கும், என்னப்பா" எண்டா.

தண்ணி வாங்க எழும்பினன், ஃபோன் அடிச்சுது. தங்கச்சியின்ர மகள். ஜெர்மனியில அப்ப இன்னும் விடியேல்லை. "பெரியப்பா, அம்மா விடியுமட்டும் தாங்கமாட்டா எண்டு டொக்டர் சொல்லுறார். பெரியம்மாவோட கதைக்க வேணுமாம். ஃபோனைக் குடுங்கோ."

மனுசி நாலடி தள்ளி, ஆரோ ஒரு ஜப்பான் அம்மாவோட கைப்பாசையில சிரிச்சுக்கொண்டிருந்தா. பிரஷர்க்காரி. தெரியாத தேசத்தில விழுந்துபோனா நான் என்ன செய்ய? "பெரியம்மா பக்கத்தில இல்லையம்மா, பின்னேரம் எடுக்கிறன்" எண்டன். மகள் "ஓம் பெரியப்பா" எண்டு வைச்சிட்டாள்.

"ஆரப்பா?"

"மகன். சும்மா எடுத்தவன்."

பின்னேரம்வரை அவவோட கடைத்தெருவில நடந்தன். சுட்ட மீன் வாங்கித் தந்தா, பாதியை அவவுக்கே திருப்பிக் குடுத்திட்டன். தொட்டியடியில வித்த, கால் துடைக்கிற சின்னத் துவாய் ரெண்டு வாங்கினா, ஒண்டு தங்கச்சிக்கு. எத்தனைதரம் சொல்ல வாயெடுத்தன், பிறகு பிறகு எண்டு தள்ளினன். பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

கப்பலேற வரிசையில நிக்கேக்க மெசேஜ் வந்துது. தங்கச்சி கண்ணை மூடிட்டாவாம்.

கபினுக்குள்ள கதவைச் சாத்திப்போட்டு எல்லாத்தையும் சொன்னன். அழுவா, விழுவா எண்டு தாங்கிப்பிடிக்க ஆயத்தமா நிண்டன். அவ விழேல்லை. மடியில கிடந்த துவாயை மடிச்சபடி கேட்டா.

"தங்கச்சிக்கு என்ன சொல்லச் சொன்னனீங்கள்?"

"நீர் பக்கத்தில இல்லையெண்டு."

"அதை நம்பிக்கொண்டுதானே போயிருப்பாள்" எண்டா.