எண்ணாமல் விட்ட பதினாலு படி

கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், ஐடா ஜன்னல் கண்ணாடியின் தூசியில் விரலால் ஒரு கோடு இழுக்கிறார். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு நடுவில் வளைகிறது, திரும்புகிறது, மறுபடி வளைகிறது. அதற்குக் கீழே இன்னொன்று. பங்காரப்பேட்டை வருவதற்குள் கண்ணாடி முழுக்கப் பாம்பு.

"இன்னாக்கா, இன்னிக்கு எத்தினி பாம்பு?" என்கிறான் எதிர் சீட்டு ஃப்ரெடி. பெங்களூரில் செல்போன் ஷோரூமில் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் ஐடாவுக்குப் பின்வரிசை. ஆக வாரத்தில் ஏழு நாளும் அவர் முதுகையோ முகத்தையோ பார்த்தாக வேண்டிய தலையெழுத்து.

"எட்டு. எட்டும் ஒரே நீளம். வேணும்னா அளந்து பாரு."

"பாம்ப எவன்க்கா அளப்பான்?"

"அதுக்குத்தாண்டா எனக்குச் சம்பளம்."

ஐடாவுக்கு வயது முப்பத்தெட்டு. வீடு கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில், பாலகாட்டில்; ஆபீஸ் பெங்களூரில். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு முதலில் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே கேட்டார்கள். இப்போது "ரோடு போடறேன்" என்று முடித்துக்கொள்கிறார். எந்திரத்தைத் திறந்தால் உள்ளே போர்டு என்று ஒரு பச்சை அட்டை இருக்குமே, அதில் ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்கு மயிரிழை மாதிரி செப்புக் கோடுகள் ஓடுமே, அந்தக் கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிறவர் ஐடா.

கோடு எதற்கு வளையவேண்டும் என்று ரயில் சீட்டாட்டக் கோஷ்டி ஒருநாள் கேட்டது. ஐடா சொன்னார்: "எட்டு பேரு ஒரே ஷிப்டுன்னு வையி. எட்டு பேரும் சேந்து வந்தாதான் சுரங்கத்துக்குள்ள கேஜு இறங்கும். ஒருத்தன் வூடு பக்கத்துல கீது, சீக்கிரம் வந்துட்றான். அவன இன்னா பண்றது? சுத்திகினு வாடான்னு அனுப்பறேன். அதான் வளைவு."

தங்கச் சுரங்கத்தால் வளர்ந்த இந்த ஊரில் இதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அட்டை பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியது. அந்த அடுக்குகளை ஐடா, சுரங்கத் தளங்களைச் சொல்கிற மாதிரி, லெவல் என்கிறார். ஒரு அடுக்கில் ஓடுகிற கோடு கீழ் அடுக்குக்கு இறங்க ஊசித்துளை இருக்கிறது. அது அவருக்கு ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் கேஜ் இறங்குகிற கிணறு. பெங்களூர் ஆபீஸிலும் பாதிப் பேர் இப்போது அப்படியே சொல்கிறார்கள். எங்கிருந்து வந்த பேச்சு என்று அவர்களுக்குத் தெரியாது.

கோட்டின் நீளத்தை அளப்பது மென்பொருள். திரையின் ஓரத்தில் பட்டியல் போட்டுக் காட்டும். கால் மில்லிமீட்டருக்குள் எல்லாம் ஒத்துப்போனால் பச்சை, தப்பினால் சிவப்பு. அதற்கு ஐடா வைத்திருக்கும் பெயர் மேஸ்திரி. புருஷன் சொன்னதை நாலு பேரிடம் விசாரித்துப் பார்க்கிறவர், மேஸ்திரி சொன்னதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

புருஷன் ஜெயகரன், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஞாயிறு காலை அவர் சந்து வழியாக நேரே சர்ச்சுக்குப் போவார். ஐடா பால் பூத் வரைக்கும் போய்விட்டு வருவார். ஜெயகரன் நாலு நிமிஷம் முன்னாடியே போய் கேட்டில் நிற்பதைக் கண்டுபிடித்த ஐடா, அவரை லாய்ட் டெய்லர் கடையைச் சுற்றிக்கொண்டு வரச்சொன்னார். கல்யாணமான புதுசில் ஜெயகரன் ஏன் எதற்கு என்று கேட்டார். லாய்டுகூட, "இன்னா சார், எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று விசாரித்தார். இப்போது யாரும் கேட்பதில்லை. ஜெயகரன் தானாக வளைகிறார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நொடியில் கேட்டுக்கு வந்து சேர்கிறார்கள்.

"ஒருத்தர் நின்னுகினு வழியப் பாத்துகினு இருக்கறது எனக்குப் புடிக்காது" என்பார் ஐடா. அவ்வளவுதான் காரணம். கூடவே இன்னொரு வரியும் சொல்வார்: "நீளமானத வெட்ட முடியாது. குட்டையானதத்தான் வளைச்சு வுடணும்."

இப்படிப்பட்ட ஐடாவின் போர்டுதான் போன ஆடியில் கவிழ்ந்தது.

கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்காக, கையில் தூக்கிக்கொண்டு போகிற ஸ்கேன் மிஷின். காலையில் படம் சுத்தமாகத் தெரிந்தது. மத்தியானம் சூடு ஏறியதும் கலங்கியது. பதினோரு வருஷத்தில் ஐடா போட்ட ரோடு எதுவும் முதல் தடவையிலேயே ஓடாமல் இருந்ததில்லை. ஆபீஸில் அந்தப் பெயருக்கு ஒரு கெத்து உண்டு. கங்காதரன், அவருடைய மேனேஜர், கத்தவில்லை. அதுதான் மோசம்.

"இன்னொரு சான்ஸ் கொடுத்திருக்காங்க, ஐடா. திங்கட்கிழமை டிராயிங் ஃபாக்டரிக்குப் போயாகணும். அதுவும் இப்படி வந்தா மிஷின் வேற கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் நீங்க காலிங்பெல் போர்டுதான் பாக்கணும்."

காலிங்பெல் போர்டில் நாலே நாலு கோடு. எதுவும் யாருக்காகவும் காத்திருக்காது.

ஐடா மூன்று நாள் தேடினார். மேஸ்திரியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். எட்டும் பச்சை. ரயிலில் ஜன்னல் தூசி அப்படியே கிடந்தது. ஃப்ரெடி தானே ஒரு பாம்பு வரைந்து, அதற்குக் கண்ணும் நாக்கும் வைத்துக் காட்டினான். ஐடா பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் பங்காரப்பேட்டை வரைக்கும் வாயைத் திறக்காமல் வந்தான். சீட்டாட்டக் கோஷ்டி அவனுக்குக் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஒத்திகை. பண்டிகைக்கு ஒரு மாசம் இருந்தது. பாடகர்கள் இரண்டு வரிசையாக, கையில் காய்கனியோடு பாடிக்கொண்டே வந்து பீடத்துக்கு முன்னால் சேரவேண்டும். ஒரு வரிசை பக்கத்து அறையிலிருந்து. இன்னொன்று மேலே கேலரியிலிருந்து. ஐடா இதையும் விட்டுவைப்பாரா? தரையில் பதித்த ஓடுகளை எண்ணி, அறை வரிசையை ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி வளைத்து, இரண்டு பக்கமும் அறுபத்திரண்டு ஓடு என்று கணக்காக வைத்திருந்தார்.

அறை வரிசை பாட்டு முடிவதற்குள் பீடத்துக்கு வந்துவிட்டது. முன்னால் ஃப்ரெடி, கையில் ஒரு குழந்தை கனத்துக்குப் பூசணிக்காய். கேலரி வரிசை இன்னும் பாதி வழியில்.

"மேல இருக்கறவங்க தூங்கிகினு வரீங்களா?" என்றார் ஐடா. இன்னொரு தடவை. அதே கதை. மூன்றாவது தடவையும் அதே கதை.

"அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. நான்தான் எண்ணினேன். எப்படி லேட்டாகும்?"

ஃப்ரெடி பூசணியை இடுப்புக்கு மாற்றினான். "அக்கா, ஓடு எண்ணினீங்க, சரி. படி யாரு எண்ணுவாங்க? அவங்க பதினாலு படி இறங்கி வராங்களே, அதென்ன ஆகாசமா? கே.ஜி.எஃப்-ல பொறந்துட்டு ஷாஃப்டு தூரத்த வுட்டுட்டீங்களே. உங்க வூட்ல கேட்டா சிரிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஐடா சிரிக்கவில்லை. கேலரிப் படியை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். அப்புறம் கையிலிருந்த அன்னாசிப்பழத்தோடு வெளியே நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"அக்கா, பழம் சர்ச்சுது" என்று ஃப்ரெடி கத்தியது கேட் தாண்டி ஓடிப்போனவருக்குக் கேட்டிருக்காது.

வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அன்னாசியை வைத்துவிட்டு, மேஸ்திரியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். பதினோரு வருஷமாகத் திறக்காத பக்கம். அடியில் ஒரு சின்னக் கட்டம்: துளையின் ஆழத்தையும் நீளத்தில் சேர்க்கவும். பழைய கம்ப்யூட்டரில் யாரோ புண்ணியவான் அதில் எப்போதோ டிக் போட்டு வைத்திருக்கவேண்டும். ஜூனில் ஆபீஸ் கொடுத்த புதுசில் கட்டம் காலியாக இருந்தது.

ஐடா டிக் போட்டார். எட்டில் இரண்டு சிவப்பாயின. அந்த இரண்டு கோடும் வழியில் ஷாஃப்டில் இறங்கி, கடைசி லெவலில் ஓடி, மறுபடி ஏறிவருகிறவை. இறங்க ஒன்றரை மில்லிமீட்டர், ஏற ஒன்றரை. மேஸ்திரி படுத்த தூரத்தை மட்டும் அளந்துவிட்டு, ஏறி இறங்கியதைக் கணக்கில் விட்டிருந்தார்.

"புது கம்ப்யூட்டர் சதி பண்ணிச்சுன்னு எழுதிடு" என்றார் ஜெயகரன், தோளுக்குப் பின்னாலிருந்து. வக்கீல் ஆபீஸ் பழக்கம்.

"அது பொய் சொல்லலீங்க. நான் கேக்கல."

கங்காதரனுக்கு அவர் அனுப்பியது இரண்டே வரி. தப்பு கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையது. அப்புறம் ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்த நேரம் போக, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், மேலேயே ஓடுகிற ஆறு கோட்டுக்கும் கூடுதலாக வளைவு போட்டார். திங்கட்கிழமை டிராயிங் போனது. அன்னாசியை செவ்வாய்க்கிழமை ஜெயகரன் கொண்டுபோய் சர்ச்சில் ஒப்படைத்தார். ஒரு பக்கம் அமுங்கி இருந்ததாகக் கேள்வி.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் புது போர்டு வந்தது. சூட்டுப் பெட்டிக்குள் வைத்து வெள்ளி, சனி, இரண்டு நாளும் ஓட்டுவதாகக் கங்காதரன் சொன்னார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஐடா சனிக்கிழமை சாம்பாருக்கு உப்பு இரண்டு தடவை போட்டார். ஜெயகரன் தயிர் ஊற்றிக்கொண்டார்.

ஞாயிறு, ஆரம்ப மணி அடிப்பதற்குச் சற்றுமுன் போன் அதிர்ந்தது. ஒரு ஸ்கேன் படம். கங்காதரன் தன் மணிக்கட்டையே வைத்து எடுத்தது. எலும்பும் நரம்பும் கத்தியால் கீறிய மாதிரி தெளிவு. கீழே ஒரு வரி: "ரெண்டு நாளா கலங்கல. காலிங்பெல்ல வேற யாராச்சும் பாப்பாங்க."

ஐடா அதை இரண்டு தடவை படித்தார். போனைப் பைக்குள் போட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை மூன்று தடவை சரிசெய்தார். பூசணியோடு நின்ற ஃப்ரெடி பார்த்துவிட்டான்.

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்போ படி எண்ணினதுக்கு எனக்கு இன்னா?"

"மூடிகினு பாடு."

பாட்டு எழுந்தது. இந்தத் தடவை அறை வரிசைக்குப் பதினாலு படிக்கும் சேர்த்து வளைவு போட்டிருந்தார், தொட்டியை இரண்டு சுற்று. கணக்கு கச்சிதம். ஆனால் கேலரியில் கடைசியாக நின்ற வின்னி ஆன்ட்டிக்கு அந்த வாரம்தான் முழங்கால் வீங்கியிருந்தது. கீழே நின்று பாடுங்கள் என்று சொன்னதற்கு, "இருவது வருஷமா மேலேருந்துதான் இறங்கறேன், இன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்று ஏறிப் போய்விட்டார். இப்போது கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது படி. அவருக்கு முன்னால் போனவர்கள் தரைக்கு வந்து திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சீக்கிரம் என்று கையை ஆட்டினார்.

பீடத்தருகே நின்ற ஐடா அந்தக் கையைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பிறகு அறை வரிசைக்கு முன்னால் வந்துகொண்டிருந்த ஃப்ரெடியின் பக்கம் திரும்பி, ஜன்னல் தூசியில் வரைவாரே, அதே விரலால், காற்றில் நிதானமாக ஒரு வளைவு போட்டார். ஃப்ரெடி பூசணியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, தொட்டியை மூன்றாவது சுற்று சுற்றத் திரும்பினான்.