வாலில் எழுதிய எண்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடிய எண்ணைக் குறித்து வருவது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பது வேறு எண். ஓய்வு கொடுத்த போர் விமானங்களைப் பூங்காவிலும் கல்லூரி வாசலிலும் பீடத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள் அல்லவா, அவற்றைத் தேடிப் போய் வாலில் உள்ள எண்ணை எழுதிக்கொள்வார். பஸ்ஸிலும் இரவல் ஸ்கூட்டரிலும் பன்னிரண்டு வருடம் நாயாய் அலைந்ததில் நாற்பத்தொன்று தேறியது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஓர் எண்ணுக்கு ஒரே பெயர்தான். முதலில் கண்டவர் பெயர்.

அந்தக் குழுவில் மச்சினனும் சேர்ந்து தொலைத்தான். லாரி ஓட்டுகிறவன். அவன் டீ குடிக்க நிறுத்திய இடத்திலெல்லாம் விமானம் நின்றது. எட்டே மாதத்தில் முப்பத்தெட்டு. "என் தம்பிக்குக் கழுகுக் கண்ணு" என்று மனைவி பூரிக்கும்போதெல்லாம் மீட்டர்காரருக்குச் சோறு இறங்காது.

போன வாரம் அவன் ஒரு கல்லூரி விமானத்தைப் படம் பிடித்துப் போட்டான். எண் 714. மீட்டர்காரர் முதன்முதலில் கண்டெடுத்த பூங்கா விமானத்துக்கும் அதே எண். இரண்டில் ஒன்று பொய். காட்சிக்கு வைக்கும்போது பெயின்ட் அடிப்பவர்கள் வாய்க்கு வந்த எண்ணை எழுதிவிடுவதுண்டு. "சக்கரக் குழிக்குள்ள நெச நம்பர் வெட்டின தகடு இருக்கும், பாத்துட்டு வாங்க" என்று தீர்ப்புச் சொன்னார் குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர். பூங்கா விமானம் இருபதடித் தூணில் நிற்பது. அதன் தகட்டைத் தான் பார்த்ததே இல்லை என்பதை மீட்டர்காரர் மூச்சுவிடவில்லை. பயலின் வாலை ஒட்ட நறுக்கிவிடலாம் என்று ஏணியோடு கல்லூரிக்குக் கிளம்பினார்.

கல்லூரிக் காவலாளியிடம் பல்லைக் காட்டி அனுமதி வாங்கியிருந்தான் மச்சினன். ஏணியை அவன் பிடிக்க, இவர் குழிக்குள் தலையை நுழைத்தார். பறவை எச்சம், துரு. கைக்குட்டையால் தேய்த்தார். தகட்டில் வெட்டினாற்போல் 714.

"என்ன மாமா, உள்ளயே குடித்தனம் பண்ணிட்டீங்களா? நம்பர் என்ன?"

"அழிஞ்சு போச்சு மாப்ளே. ஒண்ணும் தெரியல."

"அவ்ளோதானா? அப்ப உங்களுதே இருக்கட்டும். என்னுதை எடுத்துடறேன். எனக்கென்ன, நாளைக்கே இன்னொண்ணு கண்ணுல படும். எறங்குங்க, டீ சாப்பிடலாம்."

மீட்டர்காரர் இறங்கவில்லை. தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பன்னிரண்டு வருடத்தை இவன் மிச்சர் பொட்டலம் மாதிரி நீட்டுகிறானே! இவனிடம் பிச்சை வாங்கியா அந்த முதல் எண்ணை வைத்துக்கொள்வது?

"டேய்! எழுநூத்திப் பதினாலுதான். நல்லாவே தெரியுது. உன்னுதுதான் நெசம், போதுமா?"

"இப்பதானே தெரியலன்னீங்க?"

"இப்பத் தெரியுது. ஏணியைப் பிடி."

தரையில் கால் வைப்பதற்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது: 'மாமாவே உள்ளே புகுந்து பார்த்து உறுதி செய்தார். தங்கமான மனுஷன்.' டீ ஆறிக்கொண்டிருக்க, மீட்டர்காரர் அதற்கு விழுந்த இதயங்களை எண்ணினார். அறுபத்திரண்டு. அவருடைய எந்த விமானத்துக்கும் பத்தைத் தாண்டியதில்லை.