பல்லக்காவும் இரண்டு டப்பாக்களும்

யார் பேச்சுக் கொடுத்தாலும் பல்லக்கா கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எதிரில் நிற்பவர் தன் சோகக்கதையைக் கொட்டிக்கொண்டிருப்பார். இவரோ, "மேல இடது பக்கம் ஒண்ணு ஆடுதா?" என்று கேட்டு வைப்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் மறுவாரமே பல் டாக்டரிடம் ஓடியதும் உண்டு.

பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் அவருக்கு இருபத்தாறு வருஷமாக வேலை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். பல்லக்கா அதன்மேல் ரோஸ் நிற மெழுகை வைத்து ஈறு செதுக்குவார், பல் அடுக்குவார், மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் கடிக்கவிட்டுப் பார்ப்பார். "எவ்வளவு அழகா இருந்தா என்ன, கடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்பது அவர் வாயில் நாளுக்கு இருபது தரம் வரும். நகக்கண்ணில் எந்நேரமும் மெழுகு. சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் இருக்கும் இன்னொரு வேலைக்கு மேற்பார்வை மட்டும் உண்டு. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைக் குழந்தைகள் நல அலுவலகம் இவரிடம் ஒப்படைக்கும். தத்து இல்லை. சொந்த வீடு சரியாகும் வரை வைத்திருந்து, சரியானதும் கையைப் பிடித்து அனுப்பிவைக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் நான்கு பிள்ளைகள் வந்து போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டு வந்து ஒரு வாரம் யாரோடும் பேச மாட்டார். அப்புறம் அலுவலகத்துக்கு அவரே போன் பண்ணி, "கட்டில் காலியா இருக்கு மேடம்" என்பார்.

"வேலைக்கும் போய்க்கிட்டு, தனியா வளக்கிறீங்களே" என்று யாராவது பாராட்டிவிட்டால் அவருக்குச் சுருக்கென்று வரும். "யாரு தனியா? நானா? நல்ல கதை! ஏழு மணிக்கு வந்துட்டு மூணு மணிக்குப் போயிக்கோன்னு சொன்னாரே எங்க முதலாளி, அவரு நல்லா இருக்கணும். மூணு மணிக்கு மேல என் மிச்ச வேலைய இழுத்துப் போட்டுக்குதே அந்தப் பாலிஷ் போடுற பொண்ணு, அதுவும் நல்லா இருக்கணும். நான் கிளம்பினதுல இருந்து ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் என் வீட்டுல வந்து உக்காந்து பட்டன் தைக்கிறாரே மாடி வீட்டு டெய்லர்..." இப்படியே போகும் அந்தப் பட்டியல். கேட்டவர், ஏன்டா வாயைக் கொடுத்தோம் என்று நழுவிவிடுவார்.

இப்போது இருப்பது ஐந்தாவது. ஏழு வயதுப் பெண் குழந்தை. எட்டு மாதம் முன்பு ஒரு துணிப்பையோடு வந்தாள். அவளுக்கு இது மூன்றாவது வீடு. எதைக் கொடுத்தாலும் பாதியைத் தின்றுவிட்டு மீதிப் பாதியை ஒளித்துவைப்பாள். தலையணை உறைக்குள், ஷூவுக்குள், பென்சில் டப்பாவுக்குள். அதனால் பல்லக்கா வைத்த பெயர் அணில். திட்டவே மாட்டார். சனிக்கிழமைதோறும் தலையணை உறையை உதறிவிட்டுப் புது உறை மாட்டுவார், அவ்வளவுதான். "நாளைக்கும் சோறு உண்டுன்னு வாயால சொன்னா நம்பிடுமா? புதுப் பல்லு கொஞ்ச நாள் உறுத்தத்தான் செய்யும். ராவிக்கிட்டே இருந்தா ஈறு புண்ணாப் போயிடும்" என்பார்.

ஆனால் அலுவலகத்தில் அணிலின் பேரில் இருக்கும் கோப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. முழுநேர வேலை பார்க்கும் ஒற்றைப் பெண்ணிடம் குழந்தை இன்னும் ஒளித்துவைத்தே தின்கிறதே, வீட்டில் ஒருவர் எப்போதும் இருக்கும் குடும்பத்துக்கு மாற்றினால் என்ன என்று அதில் யாரோ ஒரு வரி எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு குடும்பம் தயாராகவும் இருந்தது. சிபாரிசு எழுத வேண்டிய அதிகாரி அம்மா புதன்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை பல்லக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இங்கே டப்பா விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கூடத்திலிருந்து பல்செட் போவது உள்ளங்கை அகல வெள்ளை டப்பாவில். அதில் இரண்டு ரொட்டித் துண்டு கச்சிதமாக உட்காரும் என்று கண்டுபிடித்த பல்லக்கா, புது டப்பா நாலைந்து கேட்டு வாங்கி வைத்திருந்தார், அணிலின் இடைவேளைத் தீனிக்கு. அந்தப் புதன்கிழமை காலை, போகிற வழியில் கிளினிக்கில் கொடுப்பதற்காக ஒரு பெரியவரின் முழு செட் சமையல் மேடையில் இருந்தது. பக்கத்திலேயே ரொட்டி டப்பா. நாலு மணியை நினைத்துக்கொண்டே டாக்டர் பேர் எழுதிய சீட்டை எடுத்து ஒட்டினார். ஒட்டியது ரொட்டியின்மேல்.

பத்தரைக்குக் கூடத்துக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. "பல்லக்கா, டப்பாவுல ரெண்டு ரொட்டியும் நாலு திராட்சையும் இருக்கு. பெரியவரு வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு. நாளைக்குக் கல்யாண வீட்டுல வாழ்த்திப் பேசணுமாம். நான் இப்ப எத மாட்டட்டும்?"

"ஐயோ, என் புத்திய..." என்று தலையில் அடித்துக்கொண்டவர், மெழுகு ஒட்டிய ஏப்ரனோடு அப்படியே முதலாளி ஓட்டிய வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூட அலுவலக அறைக்குள் நுழைந்தால், அதிகாரி அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார், மடியில் கோப்பு. இப்படி வளர்க்கப்படும் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் உடனே அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. டீச்சர் சொல்லிவிட்டார்.

மூலை நாற்காலியில் அணில், வெள்ளை டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு கட்டிக்கொண்டு.

"ஒரு வாய் சாப்பிடல. டப்பாவத் தொறந்து பாத்தா, மூடினா. கேட்டா குடுக்க மாட்டேங்குறா, என்னன்னும் சொல்ல மாட்டேங்குறா" என்றார் டீச்சர்.

பல்லக்காவைக் கண்டதும் குழந்தை எழுந்து வந்து டப்பாவை நீட்டியது. "கீழ விடல பல்லக்கா. யாருக்கும் காட்டல. ஒரு பல்லு கூட உடையல."

"ஏன்டா கண்ணு, டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

அணில் அதிகாரி அம்மாவின் பேனாவை ஓரக்கண்ணால் பார்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது. அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. "சொன்னா நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு எழுதுவாங்க. உங்க வேலை போயிடும். அப்புறம் என்னை வேற வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

கூடவே வந்திருந்த முதலாளி, "வேலையெல்லாம் போகாதும்மா. உன் பல்லக்கா இல்லன்னா என் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தார். அரைமணியில் ரொட்டி டப்பாவோடு திரும்பி வந்தார். திறந்தால் இரண்டு ரொட்டி, மூன்றே திராட்சை.

"பெரியவரு புதுப் பல்ல மாட்டினதும் ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டாரும்மா. பிரமாதமா இருக்காம். நீங்க நல்லா இருக்கணும்னு சொன்னாரு."

அதிகாரி அம்மாவே சிரித்துவிட்டார்.

அணில் உட்கார்ந்து சாப்பிட்டது. திராட்சை போயிற்று, ஒரு ரொட்டி போயிற்று. இன்னொரு ரொட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு வழக்கம்போலச் சுற்றுமுற்றும் ஒளிக்க இடம் தேடியது. தன் பையைப் பார்த்தது, ஷூவைப் பார்த்தது. பிறகு எழுந்து வந்து பல்லக்காவின் ஏப்ரன் பையை விரித்து, அதற்குள் ரொட்டியை வைத்து, மேலே ஒரு தட்டு தட்டியது. "சாயங்காலம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டது.

அதிகாரி அம்மா கோப்பைத் திறந்து ஏதோ நாலு வரி எழுதினார். மூடினார். "நாலு மணிக்கு நான் வரல, அக்கா. பாக்க வேண்டியதப் பாத்தாச்சு. சொந்த வீடு சரியாகுற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றார் பல்லக்கா. கன்னத்தைத் துடைத்ததில் ரோஸ் மெழுகு அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

கூடத்துக்குத் திரும்பியபோது மேசையில் மூன்று செட் காத்திருந்தது. பாலிஷ் போடும் பெண், "ஏப்ரன் பூரா அழுக்கு, கழட்டிக் குடுங்கக்கா, வேற தர்றேன்" என்று கை நீட்டினாள். பல்லக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஒரு கீழ்த் தாடையைக் கையில் எடுத்தார். மூணு மணி வரைக்கும், வலது பக்கப் பை மேசை விளிம்பில் நசுங்காதபடி, ஒருக்களித்து நின்றே மெழுகு செதுக்கினார்.