நேராகப் போன பந்து

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவள் மட்டும் என் வீட்டுக்காரரிடம் வந்திருந்தால், அவளுக்கு ஆடச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். அவள் ஆட்டத்துக்குத் தோதாகக் கூடத்தையே கோணலாகக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார். அதுதான் அவர் தொழில்.

விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றின் பின்னறையில் அவருக்கு வேலை. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அளவெடுத்து டிரைவர் செய்து கொடுப்பார். டிரைவர் என்றால் முதல் அடிக்கு எடுக்கும் மட்டை. பையில் இருப்பதிலேயே நீளமானது, தலை பெருத்தது, யார் சொல்லையும் கேட்காதது. கடையில் தொங்குவதை வாங்கி அடித்தால் பந்து அது பாட்டுக்கு வேலி தாண்டிப் போகும். அதனால் காசு உள்ளவர்கள் இவரிடம் வந்து, சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார்கள்.

அந்த அறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. தரையில் பச்சை விரிப்பு, எதிரே பந்தைத் தாங்க ஒரு திரை, ஓரத்தில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு கருவி. பந்து எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் வளைகிறது என்பதையெல்லாம் அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். சுவரில் வரிசையாக மட்டைத் தண்டுகள். ஒவ்வொன்றிலும் வளைவின் ரகத்தைச் சொல்லும் எழுத்து இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். வளையாத தண்டு பலசாலிக்கு, வளைகிற தண்டு முதியவர்களுக்கு. எழுத்து தெரிந்தால் எந்தக் கிழவரும் வளைகிற தண்டைத் தொட மாட்டார் என்பார். மனிதனின் பெருமையை மூடி வைத்தால்தான் அவன் கைக்கு எது ஒத்துவரும் என்று தெரியுமாம்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. ஆளை மாற்றக் கூடாது, மட்டையைத்தான் மாற்ற வேண்டும். இடுப்பு திரும்பவில்லையா, தோள் தூக்கவில்லையா, அது அவர்பாடு. அதற்குத் தகுந்த மட்டை என் பாடு என்பார். வீட்டிலும் இதே கூத்துதான். எனக்கு முட்டி வலிக்கிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப் போக மாட்டார். ரம்பத்தை எடுத்து வந்து ஸ்டூலின் காலை அறுப்பார். அது என் உயரத்துக்கு அச்சாகப் பொருந்திவிடும், வலியும் மறந்துவிடும், நானும் டாக்டரை மறந்துவிடுவேன். இந்த மனுஷனோடு சண்டை போடக்கூட முடியாது.

என் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் டெய்லர் மாப்பிள்ளை. அண்ணன் டயர் கம்பெனி ஒன்றில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். வாரம் முழுவதும் டயர்களை எண்ணிவிட்டு, விடுமுறை நாளில் சினேகிதர்களோடு கோல்ஃப் ஆடப் போவார். ஆட்டத்தைவிட வாய்தான் அதிகம். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் மூலையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டிருப்பார்கள். அண்ணி அவர்களைப் பார்த்து, இவர்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் நாம் நிம்மதியாக இருந்திருக்கலாம் என்பாள்.

அப்படிப்பட்ட அண்ணன் ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பந்தெல்லாம் வலது பக்கம் ஒதுங்குகிறதாம். முன்னே போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லையாம். சினேகிதர்கள் சிரிக்கிறார்களாம். பழைய மட்டை மக்கிப் போய்விட்டது, புதிதாக ஒன்று செய்து கொடுங்கள் என்றார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவர், மச்சானுக்கு அதுவரை அளவெடுத்ததே இல்லை.

நாங்கள் நாலு பேரும் அன்று வெளியே சாப்பிடப் போவதாக இருந்தோம். அதனால் நானும் அண்ணியும் பின்னறையில் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் அண்ணனை நேராக நிற்க வைத்து, கையைத் தளர்த்தச் சொல்லி, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை நாடாவை விட்டு அளந்தார். பிறகு மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அடித்தார். பந்து பட்ட இடத்தில் அடையாளம் விழும். பழகிய கை என்றால் அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். அண்ணனுக்கு மட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

என் வீட்டுக்காரர் அதையே உற்றுப் பார்த்தார். மறுபடி அடிக்கச் சொல்லிக் குனிந்து கையைப் பார்த்தார். பிறகுதான் சொன்னார்.

"மச்சான், பந்து படுற நேரத்துல இடது கை விட்டுடுது."

"வயசாகுதில்ல மாப்ள. கை மட்டும் குமரியா இருக்குமா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு வேலையில் இறங்கினார். கைக்குப் பிடிமானம் போதவில்லை என்று பருமனான பிடி ஒன்றைப் போட்டார். தூக்கும்போது பாரம் தெரியாமலிருக்க எடை குறைந்த தண்டு. பந்து வலது பக்கம் ஓடாமலிருக்க, தலைக்குள் எடையை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தார். முகத்தையும் ஒரு மயிரிழை திருப்பினார். மாற்றி மாற்றி அடிக்க வைத்ததில், அன்று நாங்கள் சாப்பிடவே போகவில்லை. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, ஒரு பந்து கோடு போட்டதுபோல் நேராகப் போனது. அடுத்ததும் அப்படியே. அண்ணன் மட்டையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். கட்டின நாளிலிருந்து எனக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லையே என்று அண்ணி முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஆடிய ஆட்டம்தான் ஆட்டம். சிரித்த சினேகிதர்களை நிற்க வைத்து ஜெயித்தார். என் மாப்பிள்ளை தைத்தது, என் மாப்பிள்ளை தைத்தது என்று மைதானம் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். நடுநடுவே பந்து கொஞ்சம் ஒதுங்கும். உடனே பின்னறைக்கு ஓடி வருவார். என் வீட்டுக்காரர் பிடியை இன்னும் ஒரு சுற்றுப் பருமனாக்குவார், எடையை இன்னும் ஒரு பங்கு நகர்த்துவார். பந்து மறுபடி நேராகிவிடும்.

அண்ணன் வீட்டில் வேறு சங்கதிகள் நடந்துகொண்டிருந்தன. பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொல்லி அண்ணியிடம் நீட்டுவார். சட்டைப் பித்தானைப் போட வெகுநேரம் கண்ணாடி முன் நிற்பார். தண்ணீர்த் தம்ளர் இரண்டு தடவை கை நழுவியது. அண்ணி டாக்டரைப் பார்க்கலாம் என்று நச்சரித்தபோதெல்லாம் அவர் கையில் ஒரு பதில் இருந்தது.

"கை சரியில்லன்னா பந்து இப்படி நேராப் போகுமாடி?"

பந்து நேராகத்தான் போனது. அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். எங்கள் எல்லோருக்கும் அந்தப் பந்துதான் சாட்சி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு பக்குவமாக வெந்திருந்தால் அதையும் மறைக்கலாம்.

கிடங்கில் நடந்து போகும்போது இடது பாதம் தூக்காமல் தடுக்கி விழுந்து, நெற்றி பிளந்த பிறகுதான் அண்ணன் டாக்டரிடம் போனார். தையல் போட்டவர் நெற்றியை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கவேண்டிய சதை காணாமல் போய் அங்கே குழி விழுந்திருந்தது. நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, ஒன்றுக்கு நாலு தடவை சோதித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தசைகளை ஆட்டுவிக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ஏன் என்று தெரியாது. நிறுத்த வழி கிடையாது. கை, கால், பிறகு பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. கொஞ்சம் தாமதப்படுத்துகிற மாத்திரை ஒன்று உண்டு, அவ்வளவுதான்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர்தான் கேட்டார். கை விட்டுப்போக ஆரம்பித்த அன்றைக்கே வந்திருந்தால்?

பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, மாத்திரையால் சில மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம் என்றாள் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் நாங்கள் மூன்று பேரும் முதல் பாதியைக் கேட்டோம், என் வீட்டுக்காரர் இரண்டாம் பாதியை மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டின் முன் உட்கார்ந்து தன் இடது கையை விரித்து மடக்கிப் பார்ப்பார். நான் தேர்ச்சியில்லாதவனாக இருந்திருந்தால் பந்து கோணலாகப் போயிருக்கும், மச்சானுக்கு ஆட்டம் வெறுத்திருக்கும், பயம் வந்திருக்கும், டாக்டரிடம் போயிருப்பார் என்பார். அவர் அண்ணனுக்குக் கெட்டது நினைத்தாரா? இல்லை. அவர் சொல்வது பொய்யா? அதுவும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவருக்காக அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பாத்திரம் தேய்த்தேன்.

அண்ணி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், "அந்தப் பந்து ஒரு தடவை குளத்துல விழுந்திருக்கலாம்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. குற்றம் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

கொஞ்ச நாளில் இடது கால் இழுக்க ஆரம்பித்தது. வலது கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கச் சொன்னார்கள். மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாள் அண்ணி. அண்ணன் கேட்கவில்லை. தன் மாப்பிள்ளை டெய்லராக இருக்கும்போது கடையில் தொங்குவதை எதற்கு வாங்க வேண்டும் என்று அடம்பிடித்து, எங்களையும் கூட்டிக்கொண்டு பின்னறைக்கு வந்துவிட்டார். பேச்சு அப்போதே கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது.

அதே பச்சை விரிப்பு. அதே சுவரோரம் நானும் அண்ணியும். என் வீட்டுக்காரர் அதே நாடாவை எடுத்து மணிக்கட்டு ரேகையில் வைத்தார். கோலுக்கும் அளவு அதேதானாம், மணிக்கட்டிலிருந்து தரைவரை. குனிந்து நாடாவின் நுனியைச் செருப்போரம் பிடித்தவர் அப்படியே எழுந்திருக்காமல் இருந்தார். முதுகு குலுங்கியது. அண்ணன் அந்த முதுகின்மேல் கையை வைத்தார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். இனிமே எங்கிட்ட ஏதாவது கோளாறு கண்ணுல பட்டா முதல்ல சொல்லிடுங்க. சொல்லிட்டு அப்புறம் சரி பண்ணுங்க."

"சரி மச்சான்."

இலேசான குழாய் ஒன்றை அளவுக்கு அறுத்து, மேலே வளைத்து, மட்டைக்குப் போடும் ரப்பர் பிடியை அதில் ஏற்றினார். அடியில் வழுக்காத குமிழ் ஒன்று. அண்ணன் அதை ஊன்றிக்கொண்டு திரைவரை நடந்து, திரும்பி வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கால் இழுப்பதே தெரியவில்லை. தோள் சரியவில்லை, உடம்பு ஆடவில்லை. ஏதோ ஒரு பெரிய மனுஷர் கைக்கு அழகாகக் கோல் பிடித்து உலாவ வந்ததுபோல் இருந்தது. பல நாளைக்குப் பிறகு அண்ணியின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் பொய்யாக ஒரு நம்பிக்கை வந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காலையும் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. பிடியின்மேல் இருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலின் அடிச்சதையை. பவுடர் அடையாளங்களைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம். நான் புடவை நுனியை வாயில் அழுத்திக்கொண்டேன். சொல்லாதே, இன்றைக்கு ஒருநாள் சொல்லாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

சொல்லிவிட்டார்.

"மச்சான், வலது கையும் விட ஆரம்பிச்சிருக்கு."

அண்ணியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அண்ணன் தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை.

"தெரியும் மாப்ள. ரெண்டு வாரமா சாவி திரும்பல." பிறகு கோலை அவரிடம் நீட்டினார். "பிடியை இன்னும் கொஞ்சம் பருமனாப் போட்டுக் கொடுங்க."

என் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு போய், பழைய பிடியைக் கத்தியால் கீறி உரிக்க ஆரம்பித்தார்.