எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

கொடைக்கானலில் ஓர் அமெரிக்க மிஷனரிக் குடும்பம் ஒரேயடியாக ஊர் திரும்புகிறதென்றால், வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்றுவிட்டுப் போவார்கள். விற்பனைக்கு முந்தின நாள், அந்த வீட்டில் வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுப் பிடித்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதாக ஒன்றைக் கேட்பது மரியாதை இல்லை. எங்கள் அப்பா அப்படியொரு வீட்டில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சமையல் பார்த்தவர். எண்பதுகளின் நடுவில் அந்தக் குடும்பம் கிளம்பியபோது, தனக்குக் கிடைத்த அந்த ஒரு பொருளைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். தம்பி ஆம்ப்ளிஃபயர் கேட்டான்.

அம்மா அந்த வீட்டு மோட்டார் தையல் மெஷினை மனசில் வைத்திருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துத் தைத்து, மிதித்து மிதித்து, அவளுடைய வலது முழங்கால் எப்போதும் வீங்கியே இருக்கும். மூன்று நாள் யாரிடமும் பேசாமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

தம்பிக்கு அப்போது இருபது வயது. என்னைவிட ஏழு வயது இளையவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் பாடகர் குழுவுக்கு கிடார் வாசிப்பான். மற்ற நாட்களில், செண்பகனூர்ப் பக்கம் காலியாகக் கிடந்த ஓர் உருளைக்கிழங்கு கிட்டங்கியில் இரண்டு கூட்டாளிகளோடு ஹெவி மெட்டல் வாசிப்பான். பள்ளிக்கூட ஹாஸ்டல் பையன்கள் கொடுத்த கேசட்டுகளில் கேட்டுப் பழகியது. கேட்டால் மண்டை பிளக்கும். ஆனால் வாசிக்கும்போது அவன் முகம் கோயிலில் இருப்பதைவிட அமைதியாக இருக்கும், அதைப் பார்க்கவே நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில், சொந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தால் சீசனில் சாயங்கால டீ நேரத்துக்கு வாசிக்க வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கிருந்து பெங்களூர் என்பது அவன் கணக்கு. ஆகவே ஒரே பெட்டி இரண்டு வேலையும் செய்ய வேண்டும். ஹோட்டலுக்கும் கோயிலுக்கும் சுத்தமான, கலங்காத ஒலி. அவனுக்கு அவனுடைய உறுமல்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்க அமெரிக்கா போய்விட்டதால் அவர்களுடைய இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் பின்னறையில் கிடந்தன. தேர்ந்தெடுக்க என்னையும் கூட்டிப்போனான். எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும் என்பதோடு, நான் பள்ளிக்கூடத்து இயற்பியல் லேபில் உதவியாளர், கரண்ட் விஷயம் தெரிந்தவள் என்பது அவன் நம்பிக்கை.

தெரியும்தான். லேபில் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் டெஸ்ட் பல்பை வைத்து எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது என் சோலி. வெயில் காலத்தில் சுவரோரம் இருக்கிற எர்த் குழிக்கு உப்பும் தண்ணீரும் ஊற்றுவதும் நான்தான். குழி காய்ந்தால் எர்த் செத்துவிடும், எர்த் செத்தால் பிள்ளைகளில் ஒன்று செத்துவிடும் என்று லேப் சார் சொல்லிக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேசக் கூடாது.

முதல் பெட்டி பம்பாயில் செய்த டிரான்சிஸ்டர் பெட்டி. ஒரு கையால் தூக்கலாம். நம்மூர் மூன்று பின் பிளக். சுவரில் செருகினால் வேலை முடிந்தது. சுத்தமான ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரித் தரை மாதிரிச் சுத்தம், நிற்கத்தான் மனசு வராது. உறுமலுக்கென்று அதில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டியதும் தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்ததுபோல் கேட்டது. எவ்வளவு உறுமினாலும் உள்ளே ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரிய வேண்டும், இதில் எல்லாம் கூழாகிவிடுகிறது என்றான் தம்பி.

இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வால்வு பெட்டி. நானும் அவனும் சேர்ந்தே தூக்க வேண்டியிருந்தது. சுவிட்ச் போட்டதும் ஒன்றும் கேட்காது. வால்வுகள் சூடாகும்வரை ஒரு நிமிஷம் காத்திருந்தோம். பிறகு அவன் மெதுவாக ஒரு தடவை ஆறு கம்பிகளையும் வருடினான். அந்த அறையில் அப்போது பரவிய ஒலியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆறும் ஆறாகவே கேட்டன, ஆனால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கேட்டன. எனக்குக் கண் கலங்கியது. அவன் குமிழை முழுக்கத் திருப்பி அதையே மறுபடி அடித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். அந்தக் கர்ஜனைக்குள்ளும் ஆறும் ஆறாகவே இருந்தன.

ஒரே ஒரு குறை. குமிழைக் குறைத்து, வாசிக்காமல் சும்மா இருக்கும்போது பெட்டி அடித்தொண்டையில் முனகியது. கம்பியில் கை வைத்தால் முனகல் அடங்கியது. வால்வு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றான் அவன். நானும் இருக்கும் என்றேன்.

இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றி வாசித்தான். கடைசியில் முடிவு செய்ய முடியாமல் என்னைப் பார்த்தான்.

“நீ சொல்லுக்கா. எத எடுக்க?”

“பெருச எடு” என்றேன்.

அமெரிக்கச் சாமான்களுக்கு நம்மூர்க் கரண்டில் பாதி போதும். அதனால் கரண்டைப் பாதியாகக் குறைக்கும் கனத்த இரும்புப் பெட்டி ஒன்றும் கூடவே வரும். மிஷன் வீடுகளில் வேலை பார்த்த குடும்பங்களில் அது இல்லாத வீடு இல்லை. அந்தப் பெட்டியில் தட்டையான இரண்டு ஓட்டைதான் இருக்கும். அமெரிக்க பிளக்கிலோ தட்டையாக இரண்டும் அவற்றுக்குக் கீழே உருண்டையாக ஒன்றும் இருக்கும். அந்த உருண்டைதான் எர்த், உள்ளே கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற வழி. அது பெட்டிக்குள் போகாது. ஆகவே ஊர் முழுக்க அதை அறுத்துப் போட்டார்கள். டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, எதை எடுத்தாலும் மூன்றாவது பின் இருந்த இடத்தில் ஒரு மொட்டைத் தழும்பு. தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பெண்கள் பலகைமேல் நின்று இஸ்திரி போட்டார்கள். மலைக் கரண்ட் அப்படித்தான் என்பார்கள், ஏதோ மலைக் குளிர் அப்படித்தான் என்பதைப் போல.

மூன்று ஓட்டை வைத்த பெட்டி அந்த வீட்டில் சுவரோடு பதித்திருந்தது, அதில்தான் வாசித்துப் பார்த்தோம். அப்படியொன்றை மதுரையில் சொல்லி வாங்கலாம். ஒரு வாரம் ஆகும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குப் பொறுக்கவில்லை, எனக்கும்தான். லேபிலிருந்து ரம்பப் பிளேடு எடுத்துவந்தேன். அவன் பிளக்கை மேசை விளிம்பில் வைத்து இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பாத்துக்கா, எனக்குச் சோறு போடப்போற விரலு” என்று சிரித்தான்.

பித்தளை மிருதுவான உலோகம். வெண்டைக்காய் நறுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் கொடுமை. கோயிலில் பாடகர் குழுவுக்கு மரமேடை, கீழே கோரைப்பாய். கிட்டங்கியில் அவன் கான்வாஸ் ஷூ போட்டிருந்தான், மைக்கில் பாடுவது வேறொரு பையன். கம்பி சில நேரம் கடிக்கிறது என்று தம்பி சொல்வான். எனக்கும் பெட்டியைத் துடைக்கும்போது சுர்ரென்றிருக்கிறது. திங்கட்கிழமை லேபில் பல்பு வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைத் தொட்டுக் கையை உதறிவிட்டுப் போனேன்.

விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகைக்குக் கோயில் வளாகத்து ஹாலில் அவனையே பாடிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். முதலில் ஒரு கீர்த்தனை. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கலைந்த பிறகு அவனுடைய உறுமல், அரை மணி நேரத்துக்கு. போதகர் ஐயரவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி. வத்தலக்குண்டிலிருந்து மைக் செட் வந்திருந்தது. அந்த மைக் செட்காரர் ஒல்லியான மனிதர், வருஷா வருஷம் எங்கள் பண்டிகைக்கு அவர்தான் வருவார். வந்ததும் தன் வயரை இழுத்து எர்த்தில் சேர்த்துச் சரிபார்த்ததை நானே பார்த்தேன்.

காலையிலேயே பெண்கள் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மலையில் அது எளிதில் காயாது. கோயில் ஹால் என்பதால் எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தோம். தம்பியும் ஷூவை அங்கேதான் கழற்றினான்.

பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அவன் கம்பியில் கை வைத்தான், முனகல் நின்றது. கீர்த்தனையின் முதல் அடியைப் பாட மைக்கிடம் குனிந்தான். உதடு பட்டது.

கம்பிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. அவன் உடம்பு துள்ளியது. இடது கை கிடாரின் கழுத்தை விடாமல் கவ்விக்கொண்டது. ஹெவி மெட்டல் தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னாலிருந்து சிலர் கைதட்டினார்கள். அந்த ஹாலில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். அவன் கிடாரோடு சேர்ந்து விழுந்தான்.

உயிர் பிழைத்தான். இடது கை விரல்களில் கம்பிகள் எலும்புவரை சுட்டுக் கோடு போட்டிருந்தன. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியது மடங்கியதுதான், நடுவிரலில் உணர்ச்சியே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றி ஜெபம் வைத்தார்கள். அக்காவின் சமயோசித புத்தியால் தம்பியைக் கர்த்தர் காப்பாற்றினார் என்று சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பழி மைக் செட்காரர்மேல் விழுந்தது. மைக்கைத் தொட்டான், கரண்ட் அடித்தது, வேறென்ன யோசிக்க இருக்கிறது? கரண்ட் எங்கள் பெட்டியிலிருந்து கம்பிக்கு வந்து, அவன் உடம்பு வழியாக, எர்த் சரியாக இருந்த அவருடைய மைக்கில் இறங்கியது என்பது எனக்கு மட்டும் தெரியும். வாலிபர் சங்கத்தார் அன்றைக்கே அவரை அடித்துவிட்டார்கள். இனி மலையேறக் கூடாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. மற்ற கோயில்களும் அதைக் கேட்டு அவரை நிறுத்தின. அவருடைய பிழைப்பில் பாதி மலைமேல்தான் இருந்தது.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் அவர் பஸ் பிடித்து வந்தார். அடிபட்ட அவர் உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அப்பாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெட்டியை ஒரு தடவை பார்க்கலாமா என்றார். அவருக்கு நான் டீ கொண்டுபோய் வைத்தேன். அவர் டீயைத் தொடவில்லை. வயரை நுனிவரை கையால் தடவிக்கொண்டே போய், பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“எர்த் பின்னு இல்லையேங்க. இத வெட்டுனது யாருங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. கட்டிலில் தம்பி கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான்.

“வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு” என்றேன்.

மைக் செட்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஆமாங்க. அப்படியேதான் வந்துச்சு.”

என் மைக்கில் தப்பில்லை, இந்தப் பெட்டியில்தான் தப்பு, அதைக் கமிட்டியில் நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் அப்பாவிடம் கேட்டார். அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, அந்த வீட்டு உப்பைத் தின்றவன் நான், அவர்கள் மனசாரக் கொடுத்ததில் கோளாறு இருந்தது என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வேன் என்றார். மைக் செட்காரர் மறுபடி கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். என் மகள்தான் வெட்டினாள் என்று சொல்ல அப்பாவுக்கு ஒரு தயக்கமும் இருந்திருக்காது. அப்படிப்பட்ட மனிதர் அவர். அந்த ஒரு வழியைத்தான் நான் அடைத்திருந்தேன்.

தம்பி அதைப் பற்றி என்னிடம் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குப் போனான். ஆம்ப்ளிஃபயர்மேல் அம்மா வெட்டிய துணிகளை அடுக்கி வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், கொடைக்கானல் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கொய்யாக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஒருவர் வந்தார். மைக் செட்காரர்தான். செட்டை விற்றுவிட்டாராம். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அடையாளம் கண்டுகொண்டார். கூடையில் நல்லதாகப் பார்த்து இரண்டு கொய்யா எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

“தம்பிக்குக் குடுங்கம்மா. கை இப்ப எப்படி இருக்கு?”

பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நான்தான் வெட்டினேன் என்பது இரண்டே வார்த்தை.

“பரவாயில்லைங்க” என்று சொல்லிக் கொய்யாவை வாங்கிக்கொண்டேன்.