ரோமாபுரித் தோலில் சுற்றிய வெடி

தாளாளர் அவர்களே, அந்த மூன்று ரோமாபுரிப் புத்தகங்களையும் எடைக்குப் போட்டது நீங்கள். நான் திருடவில்லை. என் அக்கா திருடவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட கேட் பாஸோடு, பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசல் வழியாக அவை லாரியில் போயின. தூக்கி ஏற்றியவன் நான்.

நூற்றாண்டு மலரில் என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? நம் நூலகத்தில் இருந்த அரிய ரோம வரலாற்றுச் சுவடிகளை ஊழியர் ஒருவரும் அவர் குடும்பத்தாரும் களவாடிவிட்டார்கள் என்று. பெயர் போடவில்லை. போடத் தேவையுமில்லை. அந்த நூலகத்தில் ஊழியன் என்று இருந்தது நான் ஒருத்தன். என் குடும்பம் என்பது என் அக்கா ஒருத்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆசையாக அந்த மலரைக் கொண்டுவந்து அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. அன்றைக்கு அவள் சோற்றைத் தொடவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்ல வரும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். விருதுநகரில் உங்கள் பள்ளிக்கூடத்து நூலகத்தில் நான் கூட்டிப் பெருக்கி, தூசி தட்டி, அலமாரிக்கு அந்துருண்டை போடுகிற வேலையில் இருந்தேன். கடைசி அலமாரியில் கண்ணாடிக் கதவுக்குள் அந்த மூன்றும் இருந்தன. பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். தாள் கிடையாது, தோல். ஆட்டுத்தோலோ கன்றுக்குட்டித் தோலோ, சுரண்டிச் சுரண்டி மெலிசாக்கி, அதில் கையால் எழுதியிருந்தது. எழுத்து லத்தீன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் படம் பார்க்க லத்தீன் வேண்டியதில்லை.

படமெல்லாம் கொலை. ஒரு பக்கத்தில் நீள அங்கி போட்ட பெரிய மனுஷர்கள் கூட்டமாக நின்று நடுவில் ஒருத்தனைக் குத்துகிறார்கள். அவன் தன் துணியாலேயே முகத்தை மூடிக்கொள்கிறான். இன்னொரு பக்கத்தில் கடலோரத்தில் ஒரு ஊர் எரிகிறது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கிறார்கள். தீயை மட்டும் தங்கத்தில் போட்டிருந்தான் படம் வரைந்தவன். அசல் தங்க ரேக்கு. ஜன்னலைத் திறந்தால் அந்த ஊர் நிஜமாகவே எரிகிற மாதிரி மின்னும். ரத்தத்துக்கு வைத்திருந்த சிவப்பு, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் போல ஈரமாகத் தெரியும். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒட்டாது.

வரலாற்று டீச்சர்தான் எனக்கு விளக்கம் சொன்னார்கள். இது பழைய ரோமாபுரி ராஜ்ஜியத்தின் கதை, ஆனால் எழுதி வரைந்தவன் ரோமாபுரி அழிந்து ஆயிரம் வருஷத்துக்கு அப்புறம் இருந்தவன், அதனால்தான் ரோமாபுரிச் சிப்பாய்க்குத் தன் காலத்து இரும்புச் சட்டையைப் போட்டு விட்டிருக்கிறான் என்று சொல்லிச் சிரித்தார்கள். பத்திரம், இதுமாதிரி நம் பக்கத்தில் வேறெங்கும் இருக்காது என்றும் சொன்னார்கள். இதெல்லாம் டீச்சருக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லையென்றால் அதையும் நூற்றாண்டு விழா மேடையில் வந்து சொல்லட்டும்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் அறை வேண்டியிருந்தது. நூலகத்தில் பாதியை இடித்து எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தீர்கள். சிவகாசியிலிருந்து பழைய பேப்பர் லாரி வந்தது. நீங்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த மூன்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

"ஐயா, இது தோலு. கையால எழுதுனது. டீச்சரு சொன்னாக, எங்கயும் கெடைக்காதுன்னு."

"டீச்சரு சொன்னாகளா? அப்ப டீச்சரையும் சேத்து லாரியில ஏத்து."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லாரிக்காரனும் சிரித்தான்.

"ஐயா, ரோமாபுரிக் கதை இருக்கு இதுல."

"ரோமாபுரிக்காரன் செத்து மக்கிப் போனான்லே. அவன் கதைக்குக் கரையான் மருந்து அடிக்கது யாரு, உங்கப்பனா? போடுறா உள்ள."

நான் போட்டேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அது என் குற்றம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்களுடையதை ஒத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசிப் பக்கம் பழைய புத்தகத்தின் கதி என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வெட்டிப் பசை தடவி உருட்டினால் வெடிக்குழாய். பிள்ளைகள் எழுதிய பரீட்சைத் தாள், பழைய பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் குழாயாகி, மருந்து தின்று, தீபாவளிக்குத் தெருவில் கிழிந்து கிடக்கும். இந்த மூன்றும் அப்படி ஆகவில்லை. பேப்பர் குடோனில் வெட்டு மெஷினில் வைத்திருக்கிறார்கள். கத்தி வழுக்கிவிட்டது. அட்டையைப் பிய்த்துவிட்டு, தோல் பக்கங்களைத் தனித்தனியாக உருவி, எம். புதுப்பட்டி ரோட்டில் ஒரு வெடி கம்பெனிக்குப் போகிற லோடில் சும்மா தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்தக் கம்பெனியில்தான் என் அக்கா வேலை பார்த்தாள். பதினைந்து வயதிலிருந்து வெடிதான். புருஷன் விட்டுப் போன பிறகு என்னோடு இருந்தாள்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், சோற்று வாளியை வைத்த கையோடு சேலை மடிப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து விரித்தாள்.

"ஏலே, இது உங்க பள்ளிக்கூடத்து முத்திரைதானே?"

முத்திரை இருந்தது. அதற்கு மேலே, குதிரையில் ஒரு ரோமாபுரிச் சேனாபதி. ஈட்டி முனையில் ஒரு வெட்டின தலை.

"ஒனக்கு எப்படிக்கா கெடச்சது?"

"போர்மேன்ட்ட கேட்டேன். எடுத்துக்க, ராஜாவக் கட்டிக்கிட்டு அழுன்னாரு. அங்கன ஒரே சிரிப்பாணி. இந்தக் குதிரைக்கு அவரு மூஞ்சிதான்னு ஒருத்தி சொல்லிப்புட்டா, அவருக்கு மூக்கு செவந்துபோச்சு."

"மிச்சத்தை என்ன செய்தாக?"

"அத வச்சுத்தான் புதுசா என்னமோ செய்யப் போறாராம்."

அந்தப் பக்கத்தை அவள் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். குதிரை பிடித்திருந்தது அவளுக்கு. அவ்வளவுதான். அவள் செய்த களவு அதுதான்.

போர்மேன் என்ன செய்தான் என்று சொல்கிறேன். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் அதன் தோலைத் தீயில் காட்டுவார்கள். காய்ந்து முறுக்கேறி, கணீரென்று சத்தம் வரும். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவனுக்குக்கூட இது தெரியும். போர்மேனுக்கு அங்கேயிருந்துதான் யோசனை. கோயில் திருவிழாவுக்கு ஒரு ஆர்டர் வந்திருந்தது. மற்ற கம்பெனி வெடியை அமுக்குகிற மாதிரி சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மருந்து அடைத்த அணுகுண்டு டப்பாவுக்கு வழக்கமாகச் சணல் நூல் சுற்றுவார்கள். இவன் அந்தத் தோலை நாடாவாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, டப்பாவைச் சுற்றி இறுக்கி, அதற்கு மேல் நூலைச் சுற்றச் சொன்னான். காய்ந்தால் தப்பு மாதிரி இறுகும், இறுகினால் சத்தம் இரட்டிப்பாகும். அதுதான் அவன் கணக்கு.

ஒன்றைப் பொட்டலில் வைத்து வெடித்துப் பார்த்தார்கள். ஆலமரத்துக் காக்கா அத்தனையும் எழும்பியதாம். முதலாளி கைதட்டினாராம். அடுத்த நாள் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்து இருந்த தோலையெல்லாம் சுற்றினார்கள். எரிகிற ஊரையும், குத்துப்பட்டவனையும், மாடியிலிருந்து குதித்த பெண்களையும் நாடா நாடாவாகக் கிழித்து மருந்தைச் சுற்றினார்கள். தங்கம் விரலில் ஒட்டிக்கொண்டதாம். ஒருத்தி அதைக் கன்னத்தில் தடவிக்கொண்டு, "எம்புட்டு அழகா இருக்கேன் பாரு, பொண்ணு பாக்க வாங்க" என்று சொன்னாளாம். அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் காலையிலிருந்து கம்பெனியின் காயப்போடும் மேடையில் காய வைத்தார்கள். பங்குனி வெயில். மத்தியானம் நான்கு பேரும் வெடிகளைத் திருப்பிப் போடப் போனார்கள்.

"மொதல்ல ஒரு சத்தம் கேட்டுச்சுலே," என்று அக்கா பிறகு சொன்னாள். "வெடிச் சத்தமில்ல. கட்டில் கயிறு தெறிக்குமே, அப்படி. டிங்னு. நான் திரும்பிப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

மழையே பார்க்காமல் எத்தனையோ வருஷம் பூட்டி வைத்திருந்த தோல் தண்ணீர் குடித்துவிட்டு வெயிலில் சுருங்கியிருக்கிறது. சுருங்கிச் சுருங்கி டப்பாவை நெரித்திருக்கிறது. உள்ளே மருந்து தன்னைத்தானே உரசியிருக்கிறது. வெடி மருந்தை உரசக் கூடாது என்பதுதான் வேலைக்குச் சேருகிற அன்று சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். விசாரிக்க வந்த அதிகாரி ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் இதை வாயால் சொன்னார். எழுதும்போது வேறு எழுதினார்.

எனக்குப் பள்ளிக்கூட ஆபீசுக்கு போன் வந்தது. நான் பஸ் பிடித்துச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவோடு போன மூன்று பேரில் ஒருத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்ற இரண்டு பேரை வராந்தாவில் கோரைப் பாயில் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு பாயிலிருந்து ஒரு கன்னம் தெரிந்தது. கருகிய கன்னத்தில் கொஞ்சம் தங்கம். அதைப் பார்த்துத்தான் அது யார் என்று அவள் அம்மா சொன்னாள். மார்பில் அறைந்து அறைந்து, சட்டென்று எழுந்து, அங்கே நின்ற கம்பெனி கணக்குப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து, தலையைச் சுவரில் மோத வைத்தாள். நாலு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியவில்லை. நான் பிடிக்கப் போகவில்லை.

அக்காவுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. வலது கண் இருந்த இடத்தில் பஞ்சு. தாடையில் ஒரு தோல் துண்டு வெந்து ஒட்டியிருந்தது. நர்சம்மா கிடுக்கியால் அதை உரிக்கும்போது அவளுடைய சதையும் சேர்ந்து வந்தது. அந்தத் துண்டில் நீல மை இருந்தது.

இடிபாட்டில் உங்கள் முத்திரையோடு துண்டுகள் கிடைத்தன. பேப்பரில் செய்தி வந்தது. வெள்ளைக்காரச் சாமியாரின் சபையிலிருந்து, புத்தகங்கள் எங்கே என்று உங்களுக்குக் கடிதம் வந்ததையும் நான் அறிவேன். தபால் பையைத் தினமும் தூக்கி வந்தவன் நான்தானே. அது வந்த இரண்டாவது நாள் போலீஸ் என் வீட்டுக்கு வந்தது. முருகனுக்குப் பக்கத்தில் குதிரைக்காரன் தொங்கிக்கொண்டிருந்தான். ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஸ்டேஷனில் என்னைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் அடித்தார்கள்.

"ரோமாபுரி ராஜா புத்தகத்தை எத்தனை பேருக்குலே வித்த?"

"விக்கலைங்க ஐயா. தாளாளர் ஐயாதான் ஏத்தச் சொன்னாக."

"அவுக படிச்சவுக. நீ கூட்டுறவன். யாரு சொல்றத நம்புறது?"

மூன்று நாள். மூத்திரத்தில் ரத்தம் போனது. மூன்றாவது நாள் நீங்கள் வந்தீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் கேஸை முடித்துவிடலாம் என்றீர்கள். அக்கா என்னிடமிருந்து வாங்கித் தோலைக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள், அவளாகவே மருந்தில் சுற்றினாள் என்று அதில் எழுதியிருந்தது. கம்பெனிக்கும் அது சௌகரியம். உங்களுக்கும் சௌகரியம். அந்தத் தாளை நான் மென்று உங்கள் வேட்டியில் துப்பினேன். அதற்கு வாங்கிய அடியில் இடது காது இன்றைக்கும் கேட்காது.

கேஸ் நிற்கவில்லை. சாட்சி யாரும் வரவில்லை. டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். போர்மேன் அதே ரோட்டில் வேறு கம்பெனியில் இருக்கிறான். என்னை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். இப்போது பழைய பேப்பர்தான் நானும் எடுக்கிறேன், சைக்கிளில். வேறு வேலைக்குக் கேட்டால் திருட்டுக்கேஸ்காரன் என்கிறார்கள். இத்தனை வருஷம் சும்மாதான் இருந்தோம். நீங்கள்தான் மறுபடியும் பளபளப்புத் தாளில் அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்து, பழைய மாணவர்களுக்குத் தபாலில் அனுப்பினீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்து அரிவாளால் பேசலாம் என்று நான் கிளம்பியது உண்மை. அக்கா வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ வெட்டிட்டா அவன் சொன்னது நெசமாயிரும்லே. என் கையப் பத்திக் கேக்காத. கண்ணப் பத்திக் கேக்காத. களவாணின்னு எழுதிருக்கான் பாரு, அத மட்டும் கேளு. ஊரு முன்னால கேளு."

அதனால் ஊர் முன்னால் கேட்கிறேன். அடுத்த மாதம் நூற்றாண்டு விழா நிறைவு நாள். மைக் இருக்கும். பழைய மாணவர்கள் இருப்பார்கள். பேப்பர்க்காரர்கள் வருவார்கள். நானும் அக்காவும் வருவோம், வாசலில் தடுத்தால் வாசலிலேயே நிற்போம். எனக்கு ஆள் அனுப்ப வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அந்த மைக்கில், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த லாரிக்குக் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டது யார்?