நானும் கூட இருப்பேன் என்ற சூசை அண்ணன்

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. "சூசை அண்ணன் பேக்டரியில சாப்பிட உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண் ஒருத்தி. முதலில் எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் என் மகன் கதிரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் அவரை அறியாதவர்கள் குறைவு. தேயிலை பேக்டரியில் மெஷின் பார்த்தவர், மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கியவர் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய ஒரே மகன் ஆன்டோ பத்தொன்பது வயதில் இறந்ததும் தெரியும். எங்களுக்கு அவர் யாராக இருந்தார் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கதிருக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூட வாசலில் விழுந்தவன், தொடைகளில் கையை ஊன்றி ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழுந்தான். அந்த வழியாகப் போன அண்ணன் அதைப் பார்த்து நின்றுவிட்டார். அதுவரை எங்களுக்குள் பழக்கம் கிடையாது. "தங்கச்சி, எம் மவனும் இப்படித்தான் எந்திரிப்பான். டாக்டர்கிட்ட காட்டிரு தாயி" என்றார். கோட்டயம் ஆசுபத்திரிக்கு அவரும் எங்களோடு வந்தார். தசைகள் கொஞ்சங்கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய், மரபணுவில் இருப்பது, தாய் வழியாக வந்திருக்கிறது என்றார் டாக்டர்.

தாய் வழியாக என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் என்னைக் குறை சொல்லவில்லை. அவர் வீட்டார் சொன்னார்கள். ஒருநாள் அண்ணன் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "எம் பொஞ்சாதியும் இப்படித்தான் உக்காந்திருந்தா. அவன் கண்ணு ஒன்ன மாதிரின்னு சொன்னா சந்தோசப்படுதேல்ல? அதுவும் ஒன் வழியாத்தான் வந்துச்சு. இத மட்டும் எதுக்குக் குத்தமா சொமக்க?" அன்று சாப்பிட்டேன்.

ஆன்டோ இறந்த பிறகும் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். கதிருக்குக் கால் நீவிவிடுவார். இருவரும் கால்பந்து பார்த்துச் சண்டை போடுவார்கள். கதிருக்குப் பதினான்கு வயதான சமயம், நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவன் குரல் கேட்டது.

"மாமா, ஆன்டோ அண்ணன் எப்படிச் செத்தாக?"

டிவி நின்றது.

"மூச்சு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சுய்யா. நான் கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்."

"வலிச்சுதா?"

"வலிக்குன்னு சொல்லல. பயமா இருக்குப்பான்னு ஒருக்கா சொன்னான். இங்கதான் இருக்கேன்னேன். அப்புறம் சொல்லல."

"எனக்கும் அப்படித்தானா?"

"தெரியாதுய்யா. இப்ப புதுசு புதுசா மருந்து வருது. ஆனா எப்ப என்னன்னாலும் அம்மா, அப்பா இருப்பாக. நானும் கூட இருப்பேன்."

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். கிளம்பும்போது அவரை மறித்து, "பிள்ளகிட்ட ஏண்ணே அதெல்லாம் சொன்னீக?" என்று கேட்டேன். "இம்புட்டு நாளும் அவன் ஒத்தையிலயே நெனச்சிக்கிட்டுக் கெடந்திருக்கான் தாயி" என்றார். அன்றைக்குக் கதிர் நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமா இறந்துவிட்டார் என்று கதிரிடம் சொன்னேன். "கூட இருப்பேன்னாகளே அம்மா" என்றான்.

அடக்கத்துக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். கல்லறைத் தோட்டத்துச் சரிவில் நாற்காலி இறங்காது. இரண்டு இளைஞர்கள் அவனை அள்ள ஓடி வந்தார்கள். எனக்கு அண்ணன் நினைவுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் அவசரத்தில் பிள்ளையை வாரித் தூக்கிவிடுவோம். அவர் மட்டும் ஒருநாளும் கேட்காமல் தொட்டதில்லை. முகத்துக்கு நேரே குனிந்து, "தூக்கட்டுமாய்யா?" என்பார். அவன் தலையாட்டும்வரை அப்படியே நிற்பார்.

இளைஞர்களை நிறுத்திவிட்டு நான் குனிந்தேன். "தூக்கட்டுமாய்யா?" என்றேன். கதிர் உடைந்து அழுதான். அழுது முடித்துத் தலையாட்டினான்.

அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். தினமும் காலையில் கேட்கிறேன். சில நாள், "கொஞ்ச நேரம் கழிச்சும்மா" என்கிறான். கட்டிலோரம் காத்திருக்கிறேன்.